கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு சினாலஜி டிஎஸ்923+: ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக ஒரே கணினியில் உட்கார்ந்து எடிட் செய்பவருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. (இது நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி.) அந்தப் பணத்துக்கு கணினிக்குள் சொருகும் நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலாத வேகமான டிஸ்க்) ஒன்றும், பேக்கப்புக்கு இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினால் போதும். இரண்டு மூன்று பேர் ஒரே ஃபுட்டேஜை வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஸ்டுடியோ என்றால் டிஎஸ்923+ தாராளமாக வாங்கலாம், ஆனால் அதற்கென்று தனியாக விற்கும் 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் கார்டு இல்லாவிட்டால் அது நல்ல பேக்கப் பெட்டி, அவ்வளவுதான். எடிட்டிங் பெட்டி ஆகாது.

எங்கள் வேலை கல்யாண வீடியோ. மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், நடுவில் நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு என்று மூன்று நான்கு கேமரா ஓடும். சோனி ஏ7 ஃபோர் போன்ற கேமராவில் 25 ஃபிரேமில் 4கே 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) எடுத்தால் நொடிக்கு 140 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 63 ஜிபி. ஸ்லோமோஷனுக்காக 50 ஃபிரேமுக்குப் போனால் 200 மெகாபிட், மணிக்கு 90 ஜிபி. நான்கு கேமராவும் ஆளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் முக்கால் டெராபைட்டைத் தாண்டிவிடும். இதில் ட்ரோன் கணக்கு, கேண்டிட் கணக்கு எல்லாம் சேர்க்கவில்லை. தை, ஆவணி மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம் விழும். அப்போது வீட்டில் கிடக்கிற யுஎஸ்பி டிஸ்க்கை எல்லாம் கொண்டுவந்து சொருகி, எந்தக் கல்யாணம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஸ்டிக்கர் ஒட்டித் தேடிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்கள்தான் ஊரில் அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிஸ்க் வாங்கப் போகும் எல்லோரும் பெட்டியில் அச்சடித்திருக்கும் நொடிக்கு 7000 மெகாபைட் என்ற எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எடிட்டிங்குக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 140 மெகாபிட் ஃபுட்டேஜ் ஒன்று ஓட நொடிக்கு 17.5 மெகாபைட் போதும். எட்டால் வகுத்தால் வந்துவிடும். நான்கு கேமராவை மல்டிகேமில் ஒன்றாக ஓட்டினாலும் 70 மெகாபைட். ஆப்பிளின் எடிட்டிங் ஃபார்மட்டான ப்ரோரெஸ் 422-க்கு மாற்றி எடிட் செய்பவர்களுக்கு இது கூடும். ஆப்பிள் கொடுத்திருக்கும் கணக்குப்படி 4கே 25 ஃபிரேம் ப்ரோரெஸ் 422-க்கு நொடிக்கு 492 மெகாபிட், அதன் உயர்தர வகையான எச்கியூ என்றால் 737 மெகாபிட். நான்கு கேமராவும் 422 என்றால் 246 மெகாபைட். அதற்கே 7000-இல் ஒரு மூலை போதும்.

அப்படியானால் டைம்லைன் ஏன் திக்கித் திணறுகிறது? பெரும்பாலும் அது டிஸ்க்கின் குற்றமே இல்லை. கேமரா எழுதும் எச்.264, எச்.265 ஃபைல்களில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது, முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேம்களைப் பார்த்துத்தான் விரித்தெடுக்க வேண்டும். அந்தச் சுமை பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும். அதிலும் 10 பிட் 4:2:2 என்றால் எல்லாக் கார்டும் கை கொடுக்காது. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து எச்.265-இன் 4:2:2-ஐ நேரடியாகக் கையாள்கிறது. என்விடியா கார்டுகளுக்கு 4:2:2 ஆதரவே 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. ஆகவே புது டிஸ்க் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் சும்மா இருந்து பிராசஸர் நூறில் நின்றால் நாஸும் உதவாது, எஸ்எஸ்டியும் உதவாது. ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் எளிதாக ஓடும் சின்னப் பிரதி, போடுங்கள், ரிசால்வ், பிரீமியர் ஆகிய எடிட்டிங் மென்பொருள்களில் அதற்கு வசதி இருக்கிறது, காசு செலவே இல்லாமல் தீர்ந்துவிடும். எச்டி ப்ரோரெஸ் ப்ராக்ஸிக்கு 25 ஃபிரேமில் நொடிக்கு 38 மெகாபிட்தான் என்பதால் சாதாரண டிஸ்க்கிலிருந்தே ஓடும்.

டிஸ்க் நிஜமாகவே தடையாக இருக்கும் இடங்கள் வேறு. மல்டிகேம் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஃபைலுக்கும் தாவித் தாவிப் போக வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும், தேடிப் போகும் நேரம் தனி. ஒரே பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 200 மெகாபைட் கொடுக்கும் டிஸ்க், இப்படித் தாவ ஆரம்பித்தால் அதில் ஒரு சின்னப் பங்குதான் கொடுக்கும். இரண்டாவது, இரண்டு எடிட்டர்கள் ஒரே டிஸ்க்கைத் தொடுவது, அதாவது ஒருவர் ரிசப்ஷன் டைம்லைனில் இருக்கும்போது இன்னொருவர் நேற்றைய கார்டுகளைக் காப்பி செய்வது. மூன்றாவது, மென்பொருள் தன் வசதிக்குத் தற்காலிகமாக எழுதி வைக்கும் கேஷ் ஃபைல்கள், வேவ்ஃபார்ம், தம்ப்நெயில் போன்ற ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். இந்த மூன்றாவதை எந்தக் காலத்திலும் நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்காதீர்கள். ஒவ்வொரு கணினியிலும் தனி என்விஎம்இ போட்டு, ரிசால்வின் கேஷ் ஃபோல்டரையும் பிரீமியரின் மீடியா கேஷையும் அதற்குத் திருப்பிவிடுங்கள். சொல்லாவிட்டால் பிரீமியர் சி டிரைவிலேயே கொட்டிக்கொண்டிருக்கும், சி டிரைவ் நிரம்பினால் விண்டோஸே நொண்ட ஆரம்பிக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். டிஎஸ்923+ நான்கு டிஸ்க் போடும் நாஸ். ஏஎம்டி ரைசன் ஆர்1600 என்ற இரண்டு கோர் பிராசஸர், 4 ஜிபி இசிசி (பிழை திருத்தும்) ராம், அதை 32 ஜிபி வரை கூட்டலாம். அடியில் எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 சொருகுமிடம். பின்னால் இரண்டு 1 ஜிகாபிட் போர்ட். இந்தக் கடைசி விஷயம்தான் இந்தப் பெட்டியில் எனக்குப் பிடிக்காதது. இதே விலையில் பிற கம்பெனிகள் 2.5 ஜிகாபிட் கொடுக்கும்போது சினாலஜி 1 ஜிகாபிட்டோடு நிறுத்திவிட்டது. 1 ஜிகாபிட் என்றால் ஏட்டுக்கணக்கில் நொடிக்கு 125 மெகாபைட், நடைமுறையில் 110 சொச்சம். உள்ளே நான்கு டிஸ்க் சேர்ந்து 600 மெகாபைட் கொடுக்கத் தயாராக இருக்கும், கேபிளோ 110-க்கு மேல் விடாது. முக்கால் டெராபைட் கல்யாணத்தை நாஸில் ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். இதனால்தான் அந்த 10 ஜிகாபிட் கார்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று சொன்னேன். இ10ஜி22-டி1-மினி என்பது அதன் பெயர், கையடக்கமான சின்னச் சமாச்சாரம், பின்பக்கம் மூடியைக் கழற்றிச் சொருகி இரண்டு திருகு முடுக்கினால் வேலை முடிந்தது. அது வந்த பிறகு இது வேறு பெட்டி.

கணினிப் பக்கமும் 10 ஜிகாபிட் வேண்டும். மேக் மினி வாங்குகிறவர்கள் வாங்கும்போதே அந்த ஆப்ஷனைப் போட்டுக்கொள்ளலாம், பிறகு உள்ளே சேர்க்க முடியாது. விண்டோஸ் கணினிக்கு ஆசுஸ் எக்ஸ்ஜி-சி100சி போன்ற பிசிஐஇ கார்டு கிடைக்கிறது. எடிட்டிங் கணினி ஒன்றே ஒன்றுதான் என்றால் ஸ்விட்சே வேண்டாம், நாஸிலிருந்து கணினிக்கு நேராக ஒரு கேபிள் போட்டு இரண்டு பக்கமும் ஐபி எண்ணைக் கையால் கொடுத்துவிட்டால் ஓடும், இன்டர்நெட்டுக்கு நாஸின் 1 ஜிகாபிட் போர்ட் தனியாக ரவுட்டருக்குப் போகட்டும். இரண்டு மூன்று கணினி என்றால் 10 ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கத்தான் வேண்டும். கேபிளில் பயப்பட ஒன்றுமில்லை, ஒரே அறைக்குள் என்றால் கேட் 6 போதும், அது 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டைத் தாங்கும். மாடி விட்டு மாடி சுவருக்குள் இழுப்பதானால் கேட் 6ஏ போட்டுவிடுங்கள், 100 மீட்டர் வரை கவலை இல்லை. சுவரை இரண்டாவது முறை உடைப்பதைவிட கேபிளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது மேல்.

டிஸ்க்குக்கு சீகேட் ஐயன்வுல்ஃப் 8 டெராபைட் நான்கு போட்டிருக்கிறோம். நான்கு டிஸ்க்கின் விலை பெட்டியின் விலையைத் தாண்டும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பட்ஜெட் போடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சினாலஜியின் எஸ்எச்ஆர் முறையில் ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 24 டெராபைட் மிஞ்சும், திரையில் அது 21.8 என்று காட்டும், ஏமாற்று ஒன்றுமில்லை, எண்ணும் முறைதான் வேறு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுவது நல்லது. ஹார்ட் டிஸ்க்கின் வெளிவட்டம் வேகமானது, நிரம்ப நிரம்ப உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். புதிதாக வாங்கியபோது பறந்த டிஸ்க் நிரம்பிய பிறகு இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிஸ்க் வாங்கும்போது ஒன்றே ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி இருக்கும், அதனால் ஒரு தடத்தைத் திருத்தி எழுத வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் அடுத்தடுத்த தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். பேக்கப் எடுத்து அலமாரியில் வைக்கும் டிஸ்க்குக்குச் சரி, ரெய்டுக்குள், அதாவது ஒன்று செத்தாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ஏற்பாட்டுக்குள், போட்டால் தலைவலி. ஒரு டிஸ்க் போய் இன்னொன்றைப் போட்டு மறுபடி கட்டும் நேரத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும், சில சமயம் பாதியில் கைவிட்டும் விடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆர் பயன்படுத்தியிருப்பதை ஒப்புக்கொண்டது. அதன்பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரித்துவிட்டார்கள். இன்றைக்கும் கடையில் சும்மா ரெட் என்று கொடுத்தால் வாங்காதீர்கள், பிளஸ் அல்லது ப்ரோ என்று பார்த்து வாங்குங்கள். ஐயன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர்தான். சாதாரண ஐயன்வுல்ஃபுக்கு 3 வருட வாரண்டி, ப்ரோவுக்கு 5 வருடம்.

சென்னையில் இருப்பவர்கள் எப்படியும் ரிச்சி தெருவுக்குத்தான் போவீர்கள். விலை கடைக்குக் கடை மாறும், பேரம் பேசலாம், எல்லாம் சரி. ஆனால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றால் டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு நாட்டுக்கு என்று வந்த சரக்காக இருந்தால் இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம். சீகேட் தளத்தில் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் போட்டால் வாரண்டி எதுவரை என்று வந்துவிடும், கடையில் நின்றுகொண்டே போனில் பார்த்துவிடலாம். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். நான்கு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல் இரண்டு இடத்தில் வாங்குவது இன்னும் நல்லது, ஒரே லாட்டில் குறை இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் காலை வாரக்கூடும்.

எப்படி ஓடுகிறது என்று கேட்டால், நன்றாக ஓடுகிறது. பெரிய ஃபைல்களை நாஸிலிருந்து எடுக்கும்போது 500-க்கும் 600-க்கும் நடுவில் நிற்கிறது. எழுதும்போது அதைவிடக் கொஞ்சம் குறைவு. 10 ஜிகாபிட் கேபிள் 1100 வரை விடும், ஆனால் நான்கு ஹார்ட் டிஸ்க்கால் அந்த அளவுக்கு நிரப்ப முடியாது, அது எதிர்பார்த்ததுதான். கார்டிலிருந்து ஏற்றும்போது இப்போது தடையாக இருப்பது எஸ்டி கார்டும் ரீடரும். வேகமான எஸ்டி கார்டுகள் பயன்படுத்தும் யுஎச்எஸ்-2 முறையின் உச்சமே நொடிக்கு 312 மெகாபைட். டைம்லைனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நான்கு கேமரா மல்டிகேம் ஓட்டினால் கேமரா ஃபைலிலேயே சமாளிக்கிறது. மூன்றாமவர் பின்னணியில் காப்பி போட்டால்தான் ஸ்பேஸ்பாரை அழுத்தியதும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்புகிறது. நாங்கள் காப்பி, பேக்கப் எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளிவிட்டோம். ஒருவர் டீசர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே கல்யாணத்தின் முழுநீள வீடியோவை வேறு கணினியில் அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது கொடுத்த காசு சரிதான் என்று தோன்றுகிறது. டிஸ்க்கைக் கழற்றி மாட்டி அலைந்த காலம் போயே போய்விட்டது.

அடியில் இருக்கும் எம்.2 இடங்களைப் பற்றி விற்பவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். கேஷ் எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்பார்கள். வீடியோவுக்கு அது அவ்வளவாக உதவாது. திரும்பத் திரும்பத் தொடும் குட்டித் துண்டுகளுக்குத்தான் கேஷ். முக்கால் டெராபைட் ஃபுட்டேஜை வரிசையாகப் படிக்கும் வேலையில் ஹார்ட் டிஸ்க்குகளே நன்றாகத்தான் செய்கின்றன. அந்த இரண்டு இடத்தையும் தனி எஸ்எஸ்டி வால்யூமாக ஆக்கி, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டை மட்டும் அதில் வைத்தால் அருமையாக இருக்கும். ஆனால் இந்த மாடலில் அதற்கு சினாலஜியின் சொந்த எஸ்எஸ்டிதான் வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சந்தையில் பாதி விலைக்கு நல்ல எஸ்எஸ்டி கிடைக்கும்போது இந்தக் கட்டுப்பாடு எரிச்சலூட்டுகிறது. அந்தப் பணத்தை ராமில் போடுங்கள், இல்லை கணினிக்குள் இருக்கும் என்விஎம்இயில் போடுங்கள்.

கணினிக்குள் போடும் எஸ்எஸ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கேயும் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் முதல் சில நிமிடத்துக்குத்தான். பெரும்பாலான எஸ்எஸ்டிகள் முதலில் ஒரு வேகமான பகுதியில் எழுதி வைத்துக்கொள்ளும், அது நிரம்பியதும் உண்மை முகம் தெரியும். சாம்சங்கின் 870 க்யூவிஓ 1 டெராபைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியே கொடுத்திருக்கும் விவரப்படி 42 ஜிபி வரை 530 மெகாபைட் வேகத்தில் எழுதும், அதற்குப் பிறகு 80 மெகாபைட். எண்பது! ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவு. ஆபீஸ் வேலைக்கு அது நல்ல எஸ்எஸ்டிதான், 42 ஜிபியை ஒரே மூச்சில் யார் எழுதப் போகிறார்கள்? நாம் எழுதுவோம், தினமும். அதனால் க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட்) என்று போட்டிருந்தால் எடிட்டிங்குக்கு வேண்டாம், டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) என்று பார்த்து வாங்குங்கள். சாம்சங் 990 ப்ரோ, டபிள்யூடி எஸ்என்850எக்ஸ் இரண்டும் டிஎல்சி. வெளியே எடுத்துப் போக வேண்டும் என்றால் சாம்சங்கின் டி7 ஷீல்டு நன்றாக இருக்கிறது, நொடிக்கு 1000 சொச்சம், தூசி தண்ணீருக்கு ஐபி65 பாதுகாப்பு, மண்டபத்தில் பந்திக்கும் மணமேடைக்கும் நடுவில் கைமாறும் பொருளுக்கு அது முக்கியம். டி9 இன்னும் வேகம், 2000 வரை போகும், ஆனால் அதற்கு யுஎஸ்பி 3.2 ஜென் 2x2 போர்ட் வேண்டும். மேக்குகளில் அது கிடையாது, சொருகினால் டி7 வேகத்துக்கே இறங்கிவிடும். மேக் வைத்திருப்பவர்கள் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், வேகமெல்லாம் இதற்கு அப்புறம்தான். விளம்பரப் படம் என்றால் மறுபடி ஷூட் வைக்கலாம். தாலி கட்டும் நிமிடத்தை மறுபடி எடுக்க முடியாது. அந்த வீடியோவில் இருக்கும் தாத்தா பாட்டி அடுத்த வருடம் இருப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. அதனால் கல்யாண ஃபுட்டேஜை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஸ்டுடியோ, எவ்வளவு நன்றாகப் படம் எடுத்தாலும், வேலையைப் பாதிதான் செய்கிறது என்பேன்.

நாஸ் வாங்கிவிட்டோம், ரெய்டு இருக்கிறது, இனி பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓட வைக்கும், அவ்வளவுதான் அதன் பொறுப்பு. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் நான்கு டிஸ்க்கிலும் சேர்ந்து அழியும். இடி விழுந்தால், பெட்டியைத் திருடிக்கொண்டு போனால், வைரஸ் வந்து பூட்டினால் ரெய்டு என்ன செய்யும்? டிஸ்க் சாவது அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் புள்ளிவிவரத்தைத் தொடர்ந்து வெளியிடுகிறது, 2024-இல் அவர்களிடம் செயலிழந்தவை வருடக் கணக்கில் 1.57 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். அதே விகிதத்தில் நான்கு டிஸ்க் ஐந்து வருடம் ஓடினால் ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். போன இடத்தில் புது 8 டெராபைட் டிஸ்க் போட்டால் அதை முழுக்க எழுத, நொடிக்கு 200 மெகாபைட் என்று வைத்தாலே 11 மணி நேரம். அந்த 11 மணி நேரமும் மிச்சம் மூன்று டிஸ்க்கும் உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதில் இன்னொன்று போனால் எல்லாம் போயிற்று.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கூரையின் கீழ். எங்கள் ஏற்பாடு இப்படி. மண்டபத்திலேயே கார்டுகளை லேப்டாப் வழியாக ஒரு எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்வோம், இரண்டு பக்கமும் ஒத்துப் பார்க்கும் முறையில். ரிசால்வில் குளோன் டூல் இருக்கிறது, விண்டோஸில் டெராகாப்பி இருக்கிறது, இரண்டுமே காப்பி ஆன பிறகு சரிபார்க்கும். வெறுமனே இழுத்துப் போட்டால் எதுவும் சரிபார்க்கப்படுவதில்லை. வந்ததும் நாஸில் ஏற்றுவோம். இரவு நாஸே தன் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப் வழியாகத் தன் யுஎஸ்பியில் சொருகிய பெரிய டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளும். அந்த டிஸ்க்குகள் இரண்டு, மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். கார்டுகளை இவ்வளவும் முடியும் வரை ஃபார்மட் செய்வதில்லை. கிளவுடுக்கு முழு ஃபுட்டேஜை ஏற்றுவது நம் ஊர் அப்லோடு வேகத்தில் பொறுமையைச் சோதிக்கும், முடித்த வீடியோவையும் ப்ராஜெக்ட் ஃபைலையும் மட்டும் ஏற்றுகிறோம்.

டிஎஸ்923+ஐ நான் விரும்புவதற்கு இந்த இடத்தில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் முறையும் ஸ்னாப்ஷாட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபோல்டர்களின் அப்போதைய நிலையைக் குறித்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் போதும், இடமும் அதிகம் பிடிக்காது. யாராவது ஒரு ப்ராஜெக்டை மேலெழுதிவிட்டால் மதியம் இருந்தபடி எடுத்துக்கொள்ளலாம். டிஎஸ்எம் என்ற அதன் மென்பொருள் நாஸ்களிலேயே பழகச் சுலபமானது என்று தயங்காமல் சொல்வேன், கணினி விவரம் தெரியாத ஒளிப்பதிவாளர்கூட ஒரு மாலையில் புரிந்துகொள்வார். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து நாஸை நேரடியாக இணையத்தில் நிறுத்தாதீர்கள். 2014-இல் சினோலாக்கர் சினாலஜி பெட்டிகளையும், 2022-இல் டெட்போல்ட் க்யூனாப் பெட்டிகளையும் இப்படித்தான் வந்து பூட்டிப் பணம் கேட்டன. வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் (பூட்டிய தனிவழி இணைப்பு) வழியாக மட்டும்.

யுபிஎஸ் இல்லாமல் நாஸ் வைக்கவே வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். சாதாரண இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் நாஸ் அணைந்து எழுந்திருக்கலாம், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துவிடும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை நாஸில் சொருகிவிட்டால், மின்சாரம் போய் நீங்கள் சொன்ன நேரத்துக்குள் வராவிட்டால் அதுவே எல்லாவற்றையும் முறையாக முடித்துவிட்டுப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் காலையிலேயே கையால் அணைத்துவிடுவது இன்னும் நல்லது. வெயில் விஷயத்தில், அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத மூடிய அலமாரிக்குள் இதைப் பூட்டி வைத்தால் மின்விசிறிகள் கத்த ஆரம்பிக்கும். சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு, தூசியை அவ்வப்போது துடைத்தால் அமைதியாகவே இருக்கிறது. 7200 சுற்று டிஸ்க்குகளின் கடகட சத்தம் மட்டும் கேட்கும், வாய்ஸ் ஓவர் பதிவு செய்யும் அறைக்குள் வைக்க முடியாது.

இப்போது வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இதன் அடுத்த மாடல் டிஎஸ்925+ 2025-இல் வந்துவிட்டது. இரண்டு 2.5 ஜிகாபிட் போர்ட், நான்கு கோர் பிராசஸர் என்று ஒரு பக்கம் ஏற்றம், ஆனால் 10 ஜிகாபிட் கார்டு போடும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். 2.5 ஜிகாபிட்டில் நொடிக்கு 280 மெகாபைட் வாக்கில் கிடைக்கும். ஒருவர் கேமரா ஃபைலை எடிட் செய்யப் போதும், இரண்டு பேர் ப்ரோரெஸ் மல்டிகேம் என்றால் போதாது. அந்த வரிசை வந்தபோது சினாலஜி தன் பெயர் போட்ட டிஸ்க்குகளைத்தான் போட வேண்டும் என்றும் கட்டுப்பாடு கொண்டுவந்தது, வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு 2025 அக்டோபரில் டிஎஸ்எம் 7.3-இல் அதைத் தளர்த்தியது. 923-இல் அந்தச் சிக்கல் முதலிலிருந்தே இல்லை. க்யூனாப்பின் டிஎஸ்-464 இன்னொரு நல்ல வழி. இரண்டு 2.5 ஜிகாபிட்டும் கொடுத்து 10 ஜிகாபிட் கார்டு போட பிசிஐஇ இடமும் விட்டிருக்கிறார்கள், 8 ஜிபி ராமோடு வருகிறது. மென்பொருளில் கொஞ்சம் கைபழக வேண்டும், செட்டிங்ஸில் புகுந்து விளையாடத் தெரிந்தவர்களுக்கு அதுவே லாபமாகக்கூட இருக்கும்.

கடையில் 923 மிச்சம் இருந்து எடுப்பதானால் பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த 10 ஜிகாபிட் கார்டு கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு வரவழைத்துத் தருகிறேன் என்றால் இரண்டும் ஒன்றாக வரும் வரை காத்திருங்கள். இடம் மாற்றும் வேலையை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்தம் இல்லாததால் பழைய டிஸ்க்குகளில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்ற அவகாசம் கிடைக்கும். ஏற்றி முடித்ததும் பழைய டிஸ்க்குகளை உடனே அழித்துவிட வேண்டாம், முதல் முழு பேக்கப் வெளியே போய்ச் சேரும் வரை அவை அப்படியே இருக்கட்டும்.